தாயின் மடியும் ஸ்ட்ரெச்சரின் வாரும்: ஆம்புலன்ஸில் குழந்தைகள்

ஆம்புலன்ஸில் குழந்தைகளைக் கொண்டு செல்வதற்கான சாதனங்கள் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு, மருத்துவச் சாதன வடிவமைப்பாளர் ஒருவர் இந்த இதழில் பதிலளிக்கிறார்.

கேள்வி: என் ஒன்றரை வயது மகனுக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்ததால் 108-ஐ அழைத்தோம். வலிப்பு நின்றுவிட்டது. குழந்தையை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து வார் போட வேண்டும் என்று வண்டியில் வந்த மருத்துவ உதவியாளர் சொன்னார். அவன் வீறிட்டு அழுததால் மடியிலேயே வைத்துக்கொண்டேன். பெற்றவளின் பிடியைவிட ஒரு வார் எப்படிப் பாதுகாப்பாகும்? (வாசகி, திண்டுக்கல்)

உங்கள் மகனின் எடை ஏறத்தாழ 10 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி எதன்மீதாவது மோதி ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றுவிட்டால், அந்தக் குழந்தையை உங்கள் கையிலிருந்து பிய்த்து இழுக்கும் விசை அவன் எடையைப்போலச் சுமார் 14 மடங்கு, அதாவது 140 கிலோவைத் தூக்கும் அளவு இருக்கும். 25 கிலோ அரிசிச் சிப்பம் ஐந்தை ஒரே நேரத்தில் உங்கள் கையில் போட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்வதைவிட அது அதிகம். பாசமோ உடல் வலுவோ இந்தக் கணக்கை மாற்றாது. பயில்வானாலும் பிடிக்க முடியாது. அதைவிடக் கவலைக்குரியது இன்னொன்று உண்டு. பக்கவாட்டு பெஞ்சில் பெல்ட் போடாமல் உட்கார்ந்திருக்கும் தாயும் அதே நொடியில் முன்பக்கத் தடுப்பை நோக்கித் தூக்கி எறியப்படுவார். அப்போது அவர் உடலுக்கும் தடுப்புக்கும் நடுவே சிக்குவது மடியிலுள்ள குழந்தைதான்.

அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட பரிந்துரைகள் இந்தத் துறையில் பலரும் மேற்கோள் காட்டும் ஆவணமாகும். ஓடும் ஆம்புலன்ஸில் குழந்தையை எவரும் மடியிலோ கையிலோ வைத்திருக்கக் கூடாது என்பதில் அது எந்த விலக்கும் தரவில்லை. நோயுற்ற குழந்தையை அதன் உடல் அளவுக்கேற்ற கட்டுச் சாதனத்தில் அமர்த்தியோ படுக்க வைத்தோ, அந்தச் சாதனத்தை ஸ்ட்ரெச்சரோடு பிணைத்துக் கொண்டு செல்ல வேண்டும் என்கிறது.

ஆனால் உங்கள் மனம் சொன்னதையும் நான் தள்ளிவிட மாட்டேன். மூச்சுத் திணறலோடு இருக்கும் குழந்தை அழுதால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜன் கூடுகிறது. தாயின் முகம் கண்ணுக்குத் தெரிந்தால் அழுகை பெரும்பாலும் அடங்குகிறது. ஆகவே தாயைப் பிரிக்காமலேயே குழந்தையின் எடையை வண்டியின்மீது ஏற்றுவதுதான் நல்ல வடிவமைப்பின் வேலை. ஸ்ட்ரெச்சரை ஒட்டி, கை நீட்டினால் குழந்தையின் கன்னத்தைத் தொடும் தூரத்தில், பெல்ட் உள்ள ஓர் இருக்கை தாய்க்கு இருக்க வேண்டும். எடையை வண்டி சுமக்கட்டும். தாய் தொட்டுக்கொண்டும் பேசிக்கொண்டும் வரட்டும். உங்கள் உதவியாளர் வற்புறுத்தாமல் விட்டதற்கு அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெரியவர்களுக்கென்று அமைந்த மூன்று குறுக்கு வார்களைத் தவிர வண்டியில் வேறொன்றும் இல்லையென்றால், அழுகிற குழந்தையைத் தாயிடமிருந்து வாங்கி அதில் கட்ட யாருக்குத்தான் துணிவு வரும்?

கேள்வி: நான் இயந்திரப் பொறியியல் இறுதியாண்டு மாணவன். ஆம்புலன்ஸில் குழந்தைகளுக்கான பாதுகாப்பு வார் ஒன்றை எங்கள் புராஜெக்டாக வடிவமைக்க விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், கோயம்புத்தூர்)

வாரிலிருந்து தொடங்காதீர்கள், வண்டியின் தரையிலிருந்து தொடங்குங்கள். குழந்தையை எவ்வளவு நேர்த்தியாக ஸ்ட்ரெச்சரோடு கட்டினாலும், ஸ்ட்ரெச்சரைத் தரையோடு பிடித்திருக்கும் லாக் மோதலில் கழன்றுவிட்டால் குழந்தை ஸ்ட்ரெச்சரோடு சேர்ந்தே பறக்கும். இ.என். 1789 என்னும் ஐரோப்பியத் தரநிலை, நோயாளியோடு கூடிய ஸ்ட்ரெச்சரும் பொருத்தப்பட்ட சாதனங்களும் முன், பின், பக்கவாட்டு, மேல்கீழ்த் திசைகளில் புவியீர்ப்பைப்போல 10 மடங்கு விசையைத் தாங்கிப் பிடிபட்டிருக்க வேண்டும் என்கிறது. அமெரிக்காவில் எஸ்.ஏ.இ. ஜே3027 என்னும் நடைமுறை, ஸ்ட்ரெச்சரையும் அதன் பிடிமானத்தையும் நோயாளியின் வார்களையும் ஒரே தொகுப்பாகச் சோதிக்கிறது. தரை, லாக், ஸ்ட்ரெச்சர், வார், குழந்தை ஆகிய ஐந்தும் ஒரே சங்கிலி என்று கொண்டு, உங்கள் வடிவமைப்பு எந்த ஸ்ட்ரெச்சருக்கு, எந்த லாக்குக்கு என்பதை முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

அடுத்தது திசை. நம் ஆம்புலன்ஸ்களில் நோயாளியின் தலை ஓட்டுநர் பக்கமும் கால் பின்கதவுப் பக்கமும் இருக்கும். அதாவது முதுகு சாய்க்கப்பட்ட ஸ்ட்ரெச்சரில் இருக்கும் குழந்தை பின்னோக்கிப் பார்க்கிறது. வண்டி முன்னால் மோதும்போது அதன் உடல் தலை இருக்கும் பக்கம் வழுக்கிச் செல்லப் பார்க்கும். மார்பு, இடுப்பு, கால் என்று குறுக்கே மட்டும் போட்ட வார்கள் இந்த வழுக்கலைத் தடுக்காது; சிறிய உடல் அவற்றின் அடியிலிருந்து உருவிக்கொண்டு மேலே போய்விடும். தடுப்பவை தோள் வார்கள்தான். அவை குழந்தையின் தோள் மட்டத்திலிருந்தோ அதற்குச் சற்றுக் கீழிருந்தோ புறப்பட வேண்டும். முன்னோக்கிய கார் இருக்கையில் தோள் மட்டத்திலோ அதற்கு மேலோ துளை வைக்கும் வழக்கத்தை இங்கே அப்படியே கொண்டு வந்தால் தோளுக்கும் வாருக்கும் இடையே இடைவெளி விழுந்து, உடல் மேலேறிய பிறகே வார் பிடிக்கத் தொடங்கும். உடல் நிலை அனுமதிக்குமானால் ஸ்ட்ரெச்சரின் தலைப்பக்கத்தை உயர்த்தி வைக்கும்போது குழந்தையின் உடல் விசையைக் கழுத்துக்குப் பதிலாக முதுகு முழுவதும் பரவலாக வாங்கிக்கொள்கிறது. கால்களுக்கு நடுவே வரும் வார் எதிர்த்திசை வழுக்கலுக்கு, அதாவது பின்னாலிருந்து இன்னொரு வண்டி இடிக்கும் நிலைக்கு, உதவுகிறது.

மூன்றாவது, குழந்தையின் உடல் பெரியவரின் உடலைச் சுருக்கி வரைந்த படம் போன்றது என்று எண்ணிவிடக் கூடாது. பிறந்த குழந்தையின் தலை அதன் நீளத்தில் ஏறத்தாழக் கால் பங்கு. அதைத் தாங்கும் கழுத்துத் தசைகளும் தசைநார்களும் இன்னும் தளர்வானவை. பெரியவர்களின் இடுப்பு எலும்பில் வாரைத் தடுத்து நிறுத்தும் முன்முனை சிறு குழந்தைகளுக்கு முழுமையாக உருவாகியிருக்காது. எனவே இடுப்பு வார் எளிதில் வயிற்றுக்கு ஏறி, விலா எலும்புக்குக் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் கல்லீரலை அழுத்தும். பின்மண்டை புடைத்திருப்பதால், தட்டையான மெத்தையில் மல்லாந்து படுக்க வைத்தாலே தாடை நெஞ்சை நோக்கி மடங்கிச் சுவாசப் பாதை குறுகிவிடும். தோளுக்கும் முதுகுக்கும் அடியில் மெல்லிய திண்டு வைத்தால் கழுத்து நேராகும். அந்தத் திண்டைத் தனிப் பொருளாக விடாமல் உங்கள் சாதனத்தின் உடம்பிலேயே தைத்துவிட்டால், தேடி எடுக்கும் வேலை மிச்சம்.

2 கிலோ பச்சிளம் குழந்தையிலிருந்து 35 கிலோ சிறுவன் வரை ஒரே சாதனம் போதும் என்று வாக்குறுதி தராதீர்கள்; இரண்டு மூன்று அளவுகள் தேவைப்படும். எந்த அளவு என்பதை உதவியாளர் ஊகிக்க வேண்டிய நிலையையும் வைக்காதீர்கள். குழந்தையின் நீளத்தை அளந்து எடையைக் கணித்து, அதற்குரிய மருந்தளவையும் குழாய் அளவையும் நிறப்பட்டைகளால் காட்டும் புரோஸ்லோ நாடாவைப் பல அவசரப் பிரிவுகளில் பயன்படுத்துகிறார்கள். அதே நிற முறையை வாரின் அளவுகளுக்கும் பின்பற்றுவதில் எந்தச் சிரமமும் இல்லை.

இப்போது நான் மிக முக்கியமாகக் கருதும் இடத்துக்கு வருகிறேன். இந்தச் சாதனத்தைப் பூட்டப் போவது யார்? கையுறை போட்ட ஓர் உதவியாளர், இரவில், மங்கிய விளக்கில், கதறும் குடும்பத்தினர் சூழ நிற்க, அநேகமாகத் தனியாகப் பூட்டப் போகிறார். ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும் ஐந்து கறுப்பு வார்களை அவரிடம் கொடுத்தால், இரண்டாம் முறையே அவர் அதைப் பெஞ்சுக்கு அடியிலுள்ள பெட்டியில் போட்டுவிடுவார். அதன்பின் அது வெளியே வராது. தோள் வார் ஒரு நிறம், ஸ்ட்ரெச்சரோடு பிணைக்கும் வார் வேறு நிறம் என்று பிரித்துவிடுங்கள். ஒரே பக்கிள், நடுவில் ஒரே பொத்தான், கட்டைவிரலால் அழுத்தினால் எல்லாம் விடுபட வேண்டும். ஆனால் குழந்தையின் விரலுக்கு அது அசையக் கூடாது. வெயிலில் நிற்கும் வண்டியில் உலோகப் பக்கிள் எவ்வளவு சுடும் என்பதைச் சித்திரை மாதத்தில் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். பின்புறம் தோலில் படாதபடி ஒரு மறைப்பு வேண்டும். ரத்தமும் வாந்தியும் ஊறாத, கிருமிநீக்கும் ஹைப்போகுளோரைட் கரைசலால் துடைத்தாலும் வெளுத்து இற்றுப்போகாத பூச்சுத் துணியைத் தேர்ந்தெடுங்கள். தையல் மடிப்புகள் எவ்வளவு குறைகின்றனவோ அவ்வளவு நல்லது. இவற்றையெல்லாம் தாளில் வரைந்து முடிவு செய்யாமல், பணியிலுள்ள உதவியாளர்கள் சிலரிடம் மாதிரியைக் கொடுத்து, விளக்கம் எதுவும் சொல்லாமல், பொம்மைக் குழந்தையைக் கட்டச் சொல்லி ஓரமாக நின்று பாருங்கள். அவர்கள் தடுமாறும் இடமெல்லாம் உங்கள் வடிவமைப்பின் பிழை.

கடைசியாகச் சோதனை. கல்லூரிப் பட்டறையில் எடைக் கற்களைத் தொங்கவிட்டு வார் அறுபடவில்லை என்று காட்டுவது முதற்படி மட்டுமே. அதை வைத்து மோதல் சோதனையில் தேறியதாக எழுதிவிடாதீர்கள். உண்மையான சோதனையில் ஸ்ட்ரெச்சரைத் தண்டவாளத்தில் ஓடும் மேடையில் பூட்டி, உணரிகள் பதித்த சோதனைப் பொம்மையைக் கட்டி, மோதலின் வேகக்குறைவை அப்படியே உண்டாக்கி, தலை எவ்வளவு தூரம் நகர்ந்தது, மார்பு எவ்வளவு முடுக்கத்தைத் தாங்கியது என்று அளப்பார்கள். ஒரு வயது, மூன்று வயது, ஆறு வயதுக் குழந்தைகளைக் குறிக்கும் பொம்மைகள் உள்ளன. நம் நாட்டில் புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்னும் இந்திய வாகன ஆராய்ச்சி நிறுவனமும், சென்னைக்கு அருகே ஒரகடத்திலுள்ள உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் வாகனப் பாதுகாப்புச் சோதனைகளுக்கு உரிய இடங்கள். கட்டணம் மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாமல் போகலாம். அப்படியானால் "சோதிக்கப்படாத மாதிரி" என்று அறிக்கையில் வெளிப்படையாக எழுதுவதே பொறியாளருக்கு அழகு.

கேள்வி: தனியார் ஆம்புலன்ஸில் உதவியாளராகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். வார் போட்டுவிட்டால் நெஞ்சில் அழுத்தவோ, அம்பு பேக் (கையால் அழுத்திச் சுவாசம் தரும் பை) கொடுக்கவோ, வாந்தி வந்தால் புரட்டவோ முடிவதில்லை. உயிரைக் காப்பதா, வாரைக் காப்பதா? (வாசகர், நாகர்கோவில்)

இப்படி ஒரு கேள்வி எழுகிறது என்பதே, அந்த வாரை வடிவமைத்தவர் ஓடும் வண்டிக்குள் ஒருநாள்கூட உட்காரவில்லை என்பதற்குச் சான்று. குழந்தைக்கு நெஞ்சழுத்தம் கொடுக்கும்போது மார்புக் குழியின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு, கைக்குழந்தைக்குச் சுமார் 4 சென்டிமீட்டரும் சற்றுப் பெரிய குழந்தைக்குச் சுமார் 5 சென்டிமீட்டரும் அமுங்க வேண்டும். ஆகவே மார்பெலும்பின்மீது எந்தப் பக்கிளும் வாரும் கிடக்கக் கூடாது. தோள் வார்கள் மார்பின் இரு ஓரங்களிலும் இறங்கி இடுப்பருகே சேருமாறு அமைத்தால் நடு மார்பும் மேல் வயிறும் திறந்தே இருக்கும். மானிட்டர் ஒட்டுகளுக்கும் இடம் கிடைக்கும். வாந்திக்கு, முதல் அழுத்தத்தில் தோள் வார் மட்டும் விடுபட்டு இடுப்பு வார் நிலைக்கும் இரண்டு கட்டப் பக்கிள் உதவும். இல்லையென்றால் குழந்தை கட்டப்பட்டிருக்கும் பலகையையே ஒருபக்கமாகச் சாய்க்கும் வசதி வேண்டும்.

நீங்கள் கேட்காத இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வாரைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று வேலை செய்பவர் நீங்கள். மோதலில் குழந்தையின்மேல் விழப் போகும் அதிக எடையும் நீங்கள்தான். உறிஞ்சு குழாய், அம்பு பேக், ஆக்சிஜன் திருகு ஆகிய மூன்றும் பெல்ட் போட்டு உட்கார்ந்தபடியே எட்டும் இடத்தில் இருந்தால், எழுந்து நிற்க வேண்டிய தேவை பெருமளவு குறையும். கட்டப்படாமல் மூலையில் சாய்த்து வைத்த ஆக்சிஜன் சிலிண்டரைப் பற்றியும் இதே கவலைதான்: 15 கிலோ எடையுள்ளது 10 மடங்கு விசையில் 150 கிலோ இரும்பாகப் பாயும். நோயாளியின் வாரைப் பற்றிப் பேசும் எத்தனையோ பேர் அந்தச் சிலிண்டரைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

கேள்வி: நான் பச்சிளம் குழந்தைகள் சிறப்புப் பராமரிப்புப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். குறைமாதக் குழந்தைகளைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது இன்குபேட்டர் இருந்தால் போதுமா? சில நேரம் தாயின் நெஞ்சோடு அணைத்து அனுப்புவதே நல்லது என்கிறார்களே? (வாசகி, விழுப்புரம்)

இன்குபேட்டர் சூட்டைக் காக்கிறது. மோதலிலிருந்து காக்கிறதா என்பது தனிக் கேள்வி. சுவாசக் கருவி, சிலிண்டர், பம்புகள் எல்லாம் சேர்ந்த பயண இன்குபேட்டரின் எடை 100 கிலோவைத் தாண்டுவது வழக்கம். 10 மடங்கு விசையில் அது ஒரு டன்னாக இழுக்கும். கயிற்றாலோ சாதாரணப் பட்டையாலோ கட்டி வைப்பது இதற்கு ஈடு கொடுக்காது. எந்த ஸ்ட்ரெச்சரோடு, எந்த லாக்கோடு சோதிக்கப்பட்டதோ அதோடுதான் ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் குழந்தைக்கும் மென்மையான, அகலமான பட்டை வேண்டும். குறைமாதக் குழந்தையின் தோல் எளிதில் உரிந்துவிடும் என்பதால் கொக்கியும் முரட்டு ஒட்டுப்பட்டையும் தோலில் படக் கூடாது. கண்ணாடிப் பெட்டி மூடியிருக்கிறது என்று பட்டை போடாமல் விடுவதுதான் பரவலாக நடக்கும் தவறு.

மோதல் எப்போதோ நிகழ்வது. அதிர்வு ஒவ்வொரு பயணத்திலும் உண்டு. ஒரு கிலோ குழந்தைக்கு நம் ஊர் வேகத்தடைகள் சாதாரணமானவை அல்ல. வேறு மருத்துவமனையில் பிறந்து பின்னர் கொண்டுவரப்படும் குறைமாதக் குழந்தைகளிடம் மூளை உள்ளறைகளில் ரத்தக்கசிவு கூடுதலாகக் காணப்படுவதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியுள்ளன. அதில் பயணத்தின் பங்கு எவ்வளவு, பிற காரணங்களின் பங்கு எவ்வளவு என்று பிரிப்பது கடினம். ஜெல் மெத்தை, ஃபோம் அடுக்கு போன்றவை உதவலாம். ஆனால் மிக எடை குறைந்த குழந்தை கிடக்கும்போது தவறான மெத்தை அதிர்வைக் குறைக்காமல் கூட்டிவிடவும் கூடும் என்பதால், குழந்தையின் எடையை வைத்தே அளந்து தேர்ந்தெடுக்க வேண்டும். பைலட்டிடம் (ஆம்புலன்ஸ் ஓட்டுநரிடம்) வேகத்தடையில் வண்டியை முழுமையாக மெதுவாக்கச் சொல்வதற்குச் செலவே இல்லை. பிரசவத்துக்கு முன்பே, நிலைமை அனுமதித்தால், தாயைக் கருவோடு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவதற்கு இணையான இன்குபேட்டரை எந்தப் பொறியாளரும் செய்யவில்லை.

தாயின் நெஞ்சோடு தோலுக்குத் தோல் அணைத்து வைப்பது குழந்தையின் வெப்பநிலையையும் மூச்சையும் நிலைப்படுத்த உதவும் என்பது உறுதியான உண்மை. சிக்கல் பிணைப்பில்தான் இருக்கிறது: நெஞ்சில் துணியால் கட்டப்பட்ட குழந்தை, முதல் பதிலில் சொன்ன அதே 14 மடங்கு கணக்குக்கு உட்பட்டது. தாயை ஸ்ட்ரெச்சரில் சாய்ந்த நிலையில் படுக்க வைத்து வார்களால் கட்டி, அவர்மீதுள்ள குழந்தையைத் தனிப் பிணைப்பின் மூலம் ஸ்ட்ரெச்சரோடு சேர்த்துப் பிடிக்கும் சாதனத்தைச் சுவீடனில் உருவாக்கியிருக்கிறார்கள். நம் நாட்டில் வடிவமைப்பாளர்கள் முதலில் கையில் எடுக்க வேண்டிய பணி இது என்று நான் நினைக்கிறேன். இன்குபேட்டர் வண்டி எட்டாத ஊர்களில் நடைமுறையில் நிகழ்வது தாயின் அணைப்புதான். அதைத் தவறென்று தடுப்பதைக் காட்டிலும், பாதுகாப்பாக்குவதே பயன் தரும்.

கேள்வி: விபத்தில் தாய்க்கு அடிபட்டு, உடனிருந்த குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்றால், 1990 என்ற எண்ணில் அழைக்கும் இலங்கையின் சுவசெரிய போன்ற ஆம்புலன்ஸில் குழந்தையையும் ஏற்றலாமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

அமெரிக்கப் பரிந்துரை விவரிக்கும் ஐந்து சூழல்களில் முதலாவது இதுதான். முடிந்தவரை அந்தக் குழந்தை வேறு வாகனத்தில், அதன் அளவுக்கேற்ற இருக்கையில் வர வேண்டும் என்பதே அதன் முதல் தெரிவு. பொறுப்பான உறவினரோ வாகனமோ கிடைக்காதபோது, முன்னோக்கிய அல்லது பின்னோக்கிய இருக்கை ஒன்றில் குழந்தை இருக்கையைப் பொருத்திக் கொண்டு செல்லலாம். பக்கவாட்டு பெஞ்சை மட்டும் தவிர்த்துவிடுங்கள். குழந்தை இருக்கைகள் அந்தத் திசைக்காக வடிவமைக்கப்படவில்லை.

கேள்வி: ஆம்புலன்ஸில் குழந்தைகளுக்கான வாரை இந்தியச் சட்டம் கட்டாயமாக்குகிறதா? (வாசகர், சென்னை)

2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 194-பி பிரிவு, 14 வயதுக்கு உட்பட்ட குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக் கட்டுச் சாதனமோ இல்லாமல் அழைத்துச் சென்றால் 1,000 ரூபாய் அபராதம் என்கிறது. ஆம்புலன்ஸ்களுக்கென்று ஏ.ஐ.எஸ். 125 என்னும் தரநிலை தனியாக இருக்கிறது. அது வண்டிகளை ஏ, பி, சி, டி என நான்கு வகையாகப் பிரித்து அமைப்பையும் சாதனங்களையும் வகுக்கிறது. என்றாலும் அரசோ, தனியார் மருத்துவமனையோ, ஊர் நலச் சங்கமோ புதிய வண்டி வாங்கும்போது, கொள்முதல் ஒப்பந்தத்திலேயே குழந்தைகளுக்கான வாரும், அது எந்த ஸ்ட்ரெச்சரோடு சோதிக்கப்பட்டது என்னும் சான்றும் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், சட்டத் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

கேள்வி: எங்கள் காரில் உள்ள குழந்தை இருக்கையை ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரில் வைத்துக் கட்டலாமா? (வாசகி, மதுரை)

சில வகை இருக்கைகளைக் கட்டலாம். 2001-இல் டாக்டர் மெரிலின் புல் தலைமையில் அமெரிக்காவின் இந்தியானா, மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்ட்ரெச்சர்களில் பலவகை இருக்கைகளைக் கட்டி மோதல் சோதனை செய்து பார்த்தார்கள். முன்னோக்கியும் பின்னோக்கியும் பொருத்தக்கூடிய, பெல்ட் நுழைய இரண்டு வழிகள் உள்ள இருக்கை, தலைப்பக்கம் உயர்த்திய ஸ்ட்ரெச்சரில் இரண்டு வழிகளிலும் பெல்ட் கோத்துக் கட்டப்பட்டபோது நன்றாகப் பிடித்து நின்றது. சாய்ந்து உட்கார இயலாத கைக்குழந்தைக்குப் படுக்கை வகைச் சாதனம் பொருந்தியது. கைப்பிடி வைத்துத் தூக்கிச் செல்லும் கைக்குழந்தைத் தொட்டில் இருக்கைகளில் பெல்ட்டுக்கு ஒரே வழிதான் இருக்கும். ஸ்ட்ரெச்சரில் இரு திசை இழுப்புக்கும் அது ஈடு கொடுக்காது. கழுத்திலோ முதுகெலும்பிலோ அடிபட்டிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தாலும், மல்லாந்து படுக்க வைத்தே சிகிச்சை தர வேண்டியிருந்தாலும் இருக்கையைப் பயன்படுத்தக் கூடாது. கார் விபத்துக்குள்ளாகிக் குழந்தையை மாற்றும்போது, விபத்தில் சிக்கிய அதே இருக்கையைத் தூக்கி ஆம்புலன்ஸில் வைப்பதையும் கூடியவரை தவிர்த்துவிடுங்கள். ஒருமுறை மோதலின் விசையை வாங்கிய பிளாஸ்டிக் கூட்டில் விரிசல் வெளியே தெரியாமல் உள்ளே ஓடியிருக்கக்கூடும்.